சிவப்பில் நின்றவள்

பாசிர் கூடாங்,
3.2.2025

திரு. சின்னத்தம்பி அவர்களுக்கு,

இக்கடிதம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். சென்ற ஜூன் மாதத்திலிருந்து உங்கள் அழைப்புகளை நான் ஏற்கவில்லை. இனியும் ஏற்பதாக இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் நிதானம் இழந்துவிடுவேன் என்பதே காரணம். சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள். எழுத்தில் பதில் தருகிறேன்.

எழுத நேர்ந்ததன் நோக்கம் இது. எங்கள் தொழிற்பேட்டைப் பாதுகாப்புக் குழுவின் பொதுக்கூட்டம் ஏப்ரலில் நடக்கவிருக்கிறது. துறைமுகச் சாலைச் சந்திப்பில், சிவப்பு விளக்கை மீறுவோரைப் படம் பிடிக்கும் கேமரா வேண்டும் என்று நாங்கள் கொடுத்திருக்கும் மனுவைத் தொடர்வதா, கைவிடுவதா என்பதை அங்கே முடிவு செய்யவேண்டும். குழுவின் செயலாளர் நான் என்பதால் பேசுவோரின் பெயர்கள் என்னிடம் வந்தன. எதிர்த்துப் பேசவிருக்கும் ஓட்டுநர்களுள் உங்கள் பெயரும் இருக்கிறது.

அந்தச் சந்திப்பில்தான் சென்ற ஆண்டு ஜூன் பதினான்காம் நாள் காலை, என் மகள் பிரவீனா சிவப்பு விளக்குக்கு மோட்டார்சைக்கிளை நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் வந்த தொழிற்சாலை பஸ் நிற்கவில்லை. அதை ஓட்டியவர் நீங்கள், அவளுடைய தாய்மாமன். அங்கே கேமரா வேண்டாம் என்று சொல்ல வேறு யாருக்கு வேண்டுமானாலும் உரிமை இருக்கலாம். உங்களுக்கு இல்லை.

உங்கள் சம்மதத்தோடுதான் பெயர் சேர்க்கப்பட்டதா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

உங்கள் அக்கா பிரேமலா நலம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நலம் என்ற சொல்லுக்கு இதற்கு மேல் பொருள் தேட நான் முயலவில்லை.

இப்படிக்கு,
வீ. லோகேஸ்வரன்


குளுவாங்,
19.2.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரி தனலெட்சுமி அதைச் சாமி மேடையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அன்று முழுவதும் எனக்குப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. பிரித்தால் முதலிலேயே ‘திரு’ என்று இருந்தது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை ‘டேய் தம்பி’ என்று கூப்பிட்டவர் நீங்கள். பரவாயில்லை மச்சான். எழுதினீர்களே.

இங்கே மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தனலெட்சுமி நாசி லெமாக் சோறு விற்கிறாள். நான் வெங்காயம் உரித்து, இலை துடைத்துக் கொடுக்கிறேன். என் லைசென்ஸ் முடக்கப்பட்டிருக்கிறது. திருப்பிக் கொடுத்தாலும் இனி எதையும் ஓட்டப் போவதில்லை. கடைக்குப் பக்கத்தில் பஸ் பிரேக் அடித்தால் தட்டைக் கீழே போட்டுவிடுகிறேன். வாடிக்கைக்காரர்களுக்குக்கூடப் பழகிவிட்டது.

பெயர் விஷயம் சொல்கிறேன். ஓட்டுநர்கள் சார்பில் ஆலன் போன மாதம் இங்கே வந்தார்.

“நீ ஒரு வார்த்தை பேசினா போதும் லா. கேமராவே இல்ல, வெறும் பலகைய நட்டு வச்சானுங்க. புள்ள அதப் பார்த்து டப்புன்னு நின்னுருச்சு. பின்னால வர்றவன் என்னா பண்ணுவான்?”

“பலகைய வச்சது எங்க மச்சான்.”

“அதத்தான் சொல்லச் சொல்றேன்! கேமராவும் வராது, உன் கேஸும் லேசாயிரும். இல்லன்னா ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு கம்பெனி திட்டும், சிவப்புல போனா சம்மன் வரும். நாங்க என்னா, பறந்தா போறது?”

தனலெட்சுமி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். “அண்ணே, தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. போன புள்ளய வச்சு இங்க கேஸ் பேச வேணாம்.”

அவர் போய்விட்டார். பெயரை அவராகவே சேர்த்திருக்கிறார். நான் சம்மதிக்கவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கலாமா? ஜூன் பதினான்கு பாப்பாவுக்கு முதலாண்டுப் படையல். அவளை எடுத்த அன்று நான் லாக்கப்பில் இருந்தேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து, என் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுத பிள்ளை. கல்யாணமாகாத பெண்ணுக்கு மாமன் வீட்டுத் துணி வைத்துத்தான் படைக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொஞ்ச நேரம் போதும். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போ என்றாலும் சரி. வரலாமா மச்சான்?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
சின்னத்தம்பி


பாசிர் கூடாங்,
10.3.2025

சின்னத்தம்பிக்கு,

‘திரு’ உன்னை வருத்தியதாக எழுதியிருந்தாய், எடுத்துவிட்டேன். நீ குறிப்பிட்ட மற்றொரு விளி என் பேனாவுக்கு வரவில்லை.

உன் பெயர் நீக்கப்பட்டது.

பலகையைப் பற்றி ஆலன் சொன்னது உண்மை. அதில் மறைப்பதற்கு எதுவுமில்லை. கேமரா வரும்வரை காத்திராமல், ‘கேமரா கண்காணிப்பில் உள்ள சந்திப்பு’ என்ற பலகையைக் குழுவின் சார்பில் முதல் நாள் மாலை நடச் செய்தவன் நான். என் மகள் பலகை சொன்னதைச் செய்தாள். சிவப்பில் நிற்பது எந்நாட்டில் குற்றம்?

ஷிஃப்ட் மாறும் வேளையில் அங்கே நடப்பதை நான் அறிவேன். முதல் பஸ் பச்சையில் நுழைந்துவிட்டால், விளக்கு சிவந்த பிறகும் மற்ற பஸ்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். குறுக்குச் சாலையில் பச்சை கிடைத்தவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். பல ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தையே நீங்கள் அனைவரும் சட்டம் என்று எண்ணிக்கொண்டீர்கள்.

பின்னால் வருபவன் இடைவெளி விட வேண்டும். விட்டிருந்தால், பிரவீனா பலகைக்காக அல்ல, குறுக்கே வந்த பூனைக்காக நின்றிருந்தாலும் உன் பஸ் நின்றிருக்கும். ஆலையில் ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் கண்டறிந்து கையொப்பமிடுவது என் தொழில். இந்த விபத்துக்கு நான் எழுதும் காரணம் அதுவே. அதை மாற்ற மாட்டேன்.

உன் கடிதத்தைப் பிரேமலாவிடம் கொடுத்தேன். மறைப்பது முறையன்று. படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

“வரச் சொல்லுங்க.”

“முடியாது.”

“அவன் என் தம்பி.”

“அவள் என் மகள்.”

“அப்ப எனக்கு யாரு அவ? பக்கத்து வீட்டுப் புள்ளயா?”

அவள் கேட்டது நியாயம். அதனால் முடிவு மாறிவிடாது. வராதே.

லோகேஸ்வரன்


குளுவாங்,
30.3.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியது சரி. இடைவெளி விட்டிருந்தால் பாப்பா இருந்திருப்பாள். அதை நான் எந்த இடத்திலும் மறுத்ததில்லை. ஏன் விடவில்லை என்று மட்டும் போலீஸும் கேட்கவில்லை, வழக்கறிஞரும் கேட்கவில்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

அவள் லேப் வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் என் பஸ்ஸை வழியில் நிறுத்தினாள். அந்தச் சந்திப்பைத் தாண்டினால் அவள் கம்பெனி வேறு பாதை, எங்கள் பஸ் அங்கே போகாது, தெரியுமல்லவா? மோட்டாரில்தான் போகவேண்டும்.

“மாமா, இந்த டேங்கர் லாரிங்க ஒரசிக்கிட்டே போகுது. பயமா இருக்கு. அப்பாகிட்ட சொன்னா மோட்டார வித்துருவாரு.”

“அலமாக், இதுக்கா அழுவுற? எனக்கு முன்னால போ பாப்பா. உன் பின்னால நான் இருக்கற வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வர முடியாது.”

அன்றிலிருந்து தினமும் காலையில் உங்கள் குடியிருப்புத் தாமான் முனையில் எனக்காகக் காத்திருப்பாள். என் பஸ் வந்ததும் முன்னால் கிளம்புவாள். நடுவில் இடம் விட்டால் லாரி நுழைந்துவிடும் மச்சான். அதற்காகத்தான் ஒட்டியே போனேன். பஸ்ஸில் இருந்த பெண்கள்கூட, “டிரைவர் அண்ணன் மருமவளுக்கு எஸ்கார்ட் போறாரு” என்று கிண்டல் செய்வார்கள். சந்திப்பு வரும்போது இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டுவாள். போலாம் மாமா என்று அர்த்தம். தினமும் தூக்குவாள், நானும் தினமும் போவேன். அன்றைக்குத் தூக்கவில்லை. நான் தூக்கியதாகவே நினைத்துக்கொண்டேன்.

இது சாக்கு இல்லை. உங்களிடம் சாக்குச் சொல்லி நான் எங்கே போவேன்?

சட்ட உதவியில் கிடைத்த வழக்கறிஞர் ஐலீன் நல்ல பெண். பலகையைப் பற்றி நீதிமன்றத்தில் சொன்னால் தண்டனை குறையும் என்கிறார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். சொன்னால் அதை வைத்தது யார் என்று கேட்பார்கள். செத்துப்போன பெண்ணின் அப்பாவே வைத்த பலகை என்று பத்திரிகையில் வரும். அக்கா அதைப் படிப்பார். தெருவில் உங்களைப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். ஜூலையில் விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு தடவை பாப்பா படத்துக்கு முன்னால் நிற்க விடுங்கள். மறுபடியும் கேட்கிறேனே என்று கோபப்படாதீர்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
சின்னத்தம்பி


பாசிர் கூடாங்,
27.4.2025

சின்னத்தம்பிக்கு,

நேற்றுப் பொதுக்கூட்டம் நடந்து முடிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பிறர் வாயால் திரிந்து உன்னை வந்தடைய வேண்டாம்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஓட்டுநர்கள் ஒரு பக்கமும், ஆலைகளின் அதிகாரிகள் மறுபக்கமும் யாரும் சொல்லாமலே பிரிந்து அமர்ந்தனர். ஆலன் எழுந்தார்.

“கேமரா வந்தா சாவு கொறையும்னு யாரு சொன்னது? அங்க கேமரா கூட வரல, பலகைக்கே ஒரு புள்ள போயிருச்சு!”

“வாய மூடு ஆலன்,” என்று பின்வரிசையிலிருந்து காளியம்மா அதட்டினார். எங்கள் ஆலையில் துப்புரவுப் பணி செய்பவர். “அவங்க அப்பா மேடையில உக்காந்திருக்காரு, கண்ணு தெரியல?”

“தெரியுது. சாரி சார். ஆனா நான் சொன்னது பொய்யா?”

அவரை உட்காரச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. விதிமுறையிலும் அதற்கு இடமுண்டு. நான் எழுந்து, “பொய்யில்லை” என்றேன்.

பிறகு பேசினேன். பலகை வைப்பதற்கு முன் பஸ் நிறுவனங்களுக்கு நாங்கள் தெரிவிக்கவில்லை என்றேன். மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தை நீட்டும்படி எவரிடமும் கேட்கவில்லை என்றேன். விதிக்குக் கீழ்ப்படிபவரையும் பழக்கத்தில் போகிறவரையும் ஒரே காலையில், ஒரே சாலையில், ஒருவர் பின் ஒருவராக வரவிட்டுவிட்டு, பலகை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தோம் என்றேன். கேமரா வேண்டும் என்பதில் நான் இன்றும் மாறவில்லை. இவையெல்லாம் செய்யப்படாமல் அது வரக்கூடாது என்பதையும் மனுவில் சேர்க்கக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். கேமரா வரும்வரை பலகை அகற்றப்படும்.

வெளியே வரும்போது ஆலன் என் கையைப் பற்றிக்கொண்டார். “ஜெயிச்ச மாதிரியே இல்ல சார்,” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனி உன் வழக்கு. என் பெயரைக் காப்பதற்காக நீ வாய்மூடிச் சிறைக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். உன் வழக்கறிஞர் பலகையைப் பற்றிச் சொல்லட்டும். தேவையெனில் நானே வந்து சாட்சி சொல்கிறேன்.

மோட்டாரில் போகப் பயந்தாள் என்பதும், கை உயர்த்திக் காட்டுவாள் என்பதும் நான் அறியாதவை. அப்பத்தியைப் பலமுறை படித்தேன். என் மகளைப் பற்றிய செய்தி இனி உன்னிடமிருந்துதான் எனக்கு வர வேண்டியிருக்கிறது என்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே இதையும் தெளிவாக எழுதிவிடுகிறேன். நியாயத்தை உனக்குத் தர என்னால் முடிகிறது. வாசற்படியைத் தர முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்திப்பில் நிற்கும் அவளுடைய முதுகுதான் எனக்குத் தெரியும். படையலுக்கு வராதே.

லோகேஸ்வரன்


பாசிர் கூடாங்,
1.6.2025

சின்னத்தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அக்கடிதத்துக்கு நானாக இருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பிரேமலா உன்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். படையலுக்கு என்னென்ன வாங்கவேண்டும் என்று நேற்றுக் கேட்டேன். “ஒன்னும் வேணாம். மாமன் துணி இல்லாம அவளுக்கு என்னா படையல்? நீங்க சரியா தப்பா பாத்துக்கிட்டு இருங்க. நான் பேசாம இருக்கேன்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பலவாறு எண்ணிப் பார்த்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறேன். பதினான்காம் தேதி காலை நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஆலையில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் புறப்படுவேன். பிரேமலாவிடம் நான் சொல்லப்போகும் முதல் பொய். நண்பகலுக்கு முன் திரும்பமாட்டேன். நீ வா. துணி வை. உன் அக்காவோடு இரு. சாப்பிட்டுவிட்டுப் போ.

நீ இருக்கும் வீட்டில் என்னால் இருக்க இயலாது. நீ இல்லாத படையல் அவளுக்குப் படையல் ஆகாது. இருவரில் ஒருவர் விலகித்தான் ஆகவேண்டுமெனில் அது நானாக இருக்கட்டும். மகளை நினைக்க எனக்கு வீடுதான் வேண்டும் என்பதில்லை.

லோகேஸ்வரன்


குளுவாங்,
17.6.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் தனலெட்சுமியும் நானும் போய்ப் பாப்பாவுக்குத் துணி எடுத்தோம். மயில் கழுத்து நிறம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டேன். தனலெட்சுமி கடையை விட்டு வரமுடியவில்லை.

தாமான் முனையில் இறங்கி நடந்தேன். அங்கே மாமாக் சாப்பாட்டுக் கடையில் உங்களைப் பார்த்தேன் மச்சான். ஆலைக்குப் போகும் சட்டையில் இல்லை. வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, படையலுக்கு உடுத்தியபடியே உட்கார்ந்திருந்தீர்கள். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்தால் கண்ணில் படக்கூடாது என்றுதானே?

என்னால் உங்களைத் தாண்டிப் போக முடியவில்லை. பெற்ற அப்பா தெருமுனையில் இருக்க, நான் உள்ளே போய்ப் பாப்பாவுக்குச் சூடம் காட்டுவதா? நான் வீட்டுக்குள் போனால் நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். நான் ஊருக்குத் திரும்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மனம் கேட்காமல் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். அப்படியே திரும்பி அடுத்த பஸ் ஏறிவிட்டேன். பொட்டலம் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, “கல்யாணமா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். படையல் நல்லபடி நடந்ததா மச்சான்? அக்கா அழுதாரா?

உங்கள் அன்புத் தம்பி,
சின்னத்தம்பி


பாசிர் கூடாங்,
23.6.2025

தம்பி,

நான் எழுந்து போகவில்லை.

நண்பகல் வரை திரும்பமாட்டேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். எழுதியபடியே இருந்தேன். நீ உள்ளே இருக்கிறாய், அவள் இந்நேரம் உனக்குப் பரிமாறிக்கொண்டிருப்பாள் என்று எண்ணியபடி இருந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். ஒப்புக்கொண்டதை மீறுவதாகும் என்று பார்க்கவில்லை.

வீட்டில் எல்லாம் சமைக்கப்பட்டிருந்தது. நீ வருவதைத் தனலெட்சுமி தொலைபேசியில் பிரேமலாவிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். என் பொய் அவளுக்குத் தெரியும். படத்தின் முன் இலை போட்டு, நம்மில் யாராவது ஒருவர் வருவோம் என்று காத்திருந்து, முடிவில் சூடத்தைத் தானே ஏற்றிவிட்டாள். நான் நுழைந்தபோது தட்டில் கரிதான் இருந்தது. “அவன் எங்க?” என்றாள். நானும் அதையே கேட்டேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் வழி விட்டீங்க,” என்றாள். “நல்லது. எம் புள்ளகிட்ட வர்றதுக்குத்தான் ஒருத்தருக்கும் வழி தெரியல.”

மதியம் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். குளுவாங்குக்கு வருகிறாள். எத்தனை நாள் என்று கேட்டேன். “கேக்காதீங்க,” என்றாள். நான் கேட்டிருக்கக்கூடாது. அவளைத் தடுக்கவில்லை, தடுப்பதற்கு என்னிடம் காரணம் ஏதும் மிஞ்சவில்லை. பிரவீனாவின் படத்தை ஒரு சேலையில் சுற்றி வைத்திருக்கிறாள். கூடத்துச் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

ஜூலையில் நீதிமன்றத்துக்கு வருவேன். பலகையைப் பற்றி நான் சொல்வேன். நீ வேண்டாமென்றாலும் சொல்வேன். அன்று உன் முகத்தைப் பார்க்க நேரும். அதற்கு நான் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறேன். நான் வேறு பக்கம் பார்த்தால் தவறாக எண்ணாதே. என் வீட்டுக்கு வா என்று எழுத இப்போதும் என்னால் முடியவில்லை. வராதே என்று எழுதுவதற்கோ, இந்த வீட்டில் இனி யாரும் இல்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை அவளை நான் பஸ் ஏற்றிவிடுகிறேன். நண்பகலுக்குச் சற்று முன் குளுவாங் வந்து சேரும். சீக்கிரமே நிலையத்துக்குப் போய்விடு. இறங்கும்போது அவளைத் தனியாக நிற்க விடாதே.

உன் மச்சான்,
லோகேஸ்வரன்